92 கிலோமீட்டர், 1,640 மீட்டர் ஏற்றம்: மூட்டை கட்டிய சைக்கிளில் ஒரு மலைநாள் – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு நாளைப் பற்றியது. நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் நடுவில் வரும் ஒரு மலைநாள். தூரம் 92 கி.மீ., மொத்த ஏற்றம் 1,640 மீ. பயணியின் எடை 72 கிலோ, வண்டி 15 கிலோ, பைகளும் தண்ணீரும் 13 கிலோ. எல்லாம் சேர்த்து 100 கிலோ. கணக்குப் பார்க்க வசதியாக வகுத்துக்கொண்ட மாதிரி நாள் இது. அவரவர் எடைக்கும் பாதைக்கும் ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். முடிவுகள் பெரிதாக மாறாது.

இப்படிப்பட்ட நாள் பெரும்பாலும் 50-ஆவது கிலோமீட்டருக்கும் 70-ஆவது கிலோமீட்டருக்கும் இடையில்தான் கைவிட்டுப் போகிறது. கால் கனக்கிறது, சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குகிறது, காரணமில்லாத எரிச்சல் வருகிறது. அந்த இடத்துச் சாலையைக் குறை சொல்வது எளிது. ஆனால் காரணங்களைத் தேடிப் பின்னோக்கிப் போனால் அவை இரண்டு இடங்களில் அகப்படுகின்றன: முதல் இரண்டரை மணி நேரத்தில் செலவழித்த பலம், புறப்படுவதற்கு முன்பே வண்டியில் மாட்டியிருந்த பல்சக்கரங்கள்.

பாதை

முதல் 22 கி.மீ. பள்ளத்தாக்கை ஒட்டி லேசான ஏற்ற இறக்கம். மொத்தம் 180 மீ. ஏறுகிறது. அடுத்த 11 கி.மீ. முதல் பெரிய ஏற்றம், 620 மீ. இதில் முதல் 9 கி.மீ. ஏறக்குறைய 5 சதவீதச் சரிவு (100 மீ. போனால் 5 மீ. உயரும்), கடைசி 2 கி.மீ. 9 சதவீதம். உச்சியிலிருந்து 12 கி.மீ. இறக்கத்தில் 700 மீ. கீழே வருகிறோம், நடுவில் 8 சதவீதச் சரிவில் கொண்டை ஊசி வளைவுகள். பிறகு 45-இலிருந்து 70-ஆவது கி.மீ. வரை எட்டுச் சிறு மேடுகள், ஒவ்வொன்றும் 40 முதல் 75 மீ. வரை, கூட்டினால் 460 மீ. அதன்பின் இரண்டாவது ஏற்றம்: 9 கி.மீ.யில் 380 மீ. சராசரி பார்த்தால் சாது. உள்ளே 1.2 கி.மீ. மட்டும் 12 சதவீதத்தில் நிற்கிறது. கடைசி 13 கி.மீ. இறக்கமும் சமதளமும்.

வரைபடத்தில் சராசரிச் சரிவை மட்டும் பார்த்து நாளைத் திட்டமிடுபவர்கள் இந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் அகப்படுகிறார்கள். சராசரி 4 சதவீதம் என்று காட்டும் ஏற்றத்துக்குள் 12 சதவீதத் துண்டு ஒளிந்திருக்கலாம். உயர வரைபடத்தை அரை கிலோமீட்டர் துண்டுகளாகப் பெரிதாக்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. முந்தின இரவே செய்துவிட வேண்டும்.

நேரக் கணக்கு எங்கே தவறுகிறது

சமதளத்தில் மணிக்கு 18 கி.மீ. போகிறவர் 92-ஐ 18-ஆல் வகுத்து ஐந்து மணி நேரம் என்று முடிவுகட்டிக்கொள்வார். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. 100 கிலோவை 1,640 மீ. உயர்த்த மட்டுமே சுமார் 1,610 கிலோஜூல் வேலை ஆகிறது. தொடர்ந்து சைக்கிள் ஓட்டும் பழக்கமுள்ள ஒருவர் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய திறன் 150 வாட் அளவில் இருக்கும். அந்தத் திறனில் 100 கிலோ வண்டி மணிக்கு 450 முதல் 500 மீ. உயரம் ஏறும். சரிவு 5 சதவீதமானாலும் 9 சதவீதமானாலும் இந்த எண் அதிகம் மாறுவதில்லை. சரிவு கூடினால் வேகம் குறைகிறது, உயரம் ஏறும் வீதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

எனவே எளிய வழி இது: மொத்த ஏற்றத்தை 450-ஆல் வகுங்கள். ஏற்றம் இல்லாத கிலோமீட்டர்களை 20-ஆல் வகுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். இந்த நாளுக்கு 1,640-ஐ வகுத்தால் 3.6 மணி, ஏற்றம் அல்லாத தூரம் சுமார் 56 கி.மீ., அதற்கு 2.8 மணி. ஆக ஓட்டும் நேரம் ஏறக்குறைய ஆறரை மணி. சாப்பாடு, தண்ணீர் நிரப்புதல், ஓய்வு, வழி பார்த்தல் என்று இரண்டு முதல் இரண்டரை மணி சேர்த்தால் ஒன்பது மணி நேர நாள். புதிதாகத் தொடங்கியவருக்கு 120 வாட் என்று வைத்துக்கொண்டு 450-க்குப் பதில் 370-ஆல் வகுக்கலாம்.

இந்தக் கணக்கு முக்கியம். ஐந்து மணி என்று நம்பிப் புறப்பட்டவர் மதியத்தில் தான் பின்தங்கிவிட்டதாக நினைத்து வேகத்தைக் கூட்டுவார். உண்மையில் அவர் பின்தங்கியிருக்கவே மாட்டார். இல்லாத தாமதத்தை ஈடுகட்டப் போய்த்தான் பலர் கடைசி 30 கிலோமீட்டரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கியர்: வீட்டிலேயே எடுக்க வேண்டிய முடிவு

முதல் ஏற்றத்தின் கடைசி 2 கி.மீ.யை எடுத்துக்கொள்வோம். 9 சதவீதச் சரிவில் பின்னுக்கு இழுக்கும் விசை, உருளும் உராய்வையும் சேர்த்து, சுமார் 95 நியூட்டன். 150 வாட் திறனில் வேகம் மணிக்கு 5.7 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 95 மீ. 38 மி.மீ. அகல டயர் போட்ட 700 சக்கரத்தின் சுற்றளவு 2.18 மீ. இனி மிதிக்கும் வேகம் முழுக்கப் பல்சக்கரங்களின் கையில்.

முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு சுற்று மிதித்தால் வண்டி 2.65 மீ. நகரும், நிமிடத்துக்கு 36 சுற்றுதான் மிதிக்க முடியும். முன் 30, பின் 34 என்றால் 49 சுற்று. 26-க்கு 34 போட்டால் 57. 22-க்கு 34 போட்டால் 67. திறன் நான்கிலும் அதே 150 வாட்தான். முழங்காலின் மீது விழும் பளு மட்டும் வேறு. 170 மி.மீ. கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) 36 சுற்றுக்குச் சராசரியாக 234 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். 67 சுற்றுக்கு 126 நியூட்டன் போதும். பாதிக்குச் சற்றே மேல். கால் கீழே அழுத்தும் கணத்தில் உச்ச விசை இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

குறைந்த சுற்றில், கூடிய விசையில், 20 நிமிடம் மிதித்தால் தொடைத்தசை சீக்கிரம் தளரும். முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலி தொடங்கும். அது அன்றைக்கே பெரிதாகத் தெரியாமல் மறுநாள் காலை படியிறங்கும்போது தெரியும். மூட்டை கட்டிய வண்டிக்கு மிகச் சிறிய கியர் (முன் பல் எண்ணிக்கையைப் பின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது) 1-க்கு 1-ஐவிடக் குறைவாக, முடிந்தால் 0.75-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சாலைப் பந்தய வண்டிக்கு வரும் பல்சக்கரங்களோடு மலைக்குப் போகிறவர்கள் மன உறுதியால் சமாளித்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். மூட்டுக்கு அந்த உறுதி தெரியாது.

இதோடு எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையிலிருந்து ஒரு கிலோவைக் குறைத்தால் 1,640 மீ. ஏற்றம் முழுக்கச் சேர்த்து மிச்சமாவது 16 கிலோஜூல். 150 வாட்டில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டும் அளவுக்கு எடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. குறிப்பாகத் தண்ணீரில் சிக்கனம் பிடிக்கவே கூடாது. கூடுதலாக 2 லிட்டர் சுமந்து முதல் ஏற்றத்தை ஏற ஆகும் விலை 80 வினாடிதான்.

முதல் ஏற்றம்: கடன் வாங்கும் இடம்

காலை, உடம்பு புதிதாக இருக்கிறது, வெயிலும் ஏறவில்லை. 150 வாட் என்பது கை வீசி நடப்பதுபோல் தோன்றும். இந்த இடத்தில்தான் 190, 200 என்று ஏறிவிடுகிறது. 11 கி.மீ. ஏற்றத்தை 150 வாட்டில் ஏற 78 நிமிடம். 190 வாட்டில் 62 நிமிடம். கிடைக்கும் ஆதாயம் 16 நிமிடம். அந்த வேகத்தில் தசை எரிக்கும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு குறைந்து மாவுச்சத்தின் பங்கு கூடுகிறது. உடம்பில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன், அதாவது சேமித்துவைத்த மாவுச்சத்து, மொத்தமே 400 முதல் 500 கிராம். அதில் கல்லீரலில் உள்ளது 100 கிராம் அளவு. இரவுப் பட்டினியில் அதிலும் கணிசமாகக் குறைந்துபோயிருக்கும். காலையில் மிச்சம்பிடித்த 16 நிமிடத்தை மதியம் சாலையோரம் உட்கார்ந்து ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

திறன் அளக்கும் கருவி பெரும்பாலான பயணிகளிடம் இருக்காது. தேவையும் இல்லை. உயரம் காட்டும் கருவியோ கைப்பேசிச் செயலியோ இருந்தால், ஏற்றத்தின் நடுவில் சரியாகப் பத்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஏறினோம் என்று பார்க்கலாம். மொத்த எடை 100 கிலோ என்றால் 80 மீ. வந்தால் 150 வாட் அளவில் போகிறோம், 110 மீ. வந்தால் 200 வாட்டை நெருங்கிவிட்டோம், உடனே ஒரு கியர் இறக்க வேண்டும். கருவியே இல்லையென்றால் பேச்சு வைத்துப் பார்ப்பது: முழு வாக்கியம் ஒன்றை நடுவில் மூச்செடுக்காமல் சொல்லி முடிக்க முடிய வேண்டும். நாலு சொல்லிலேயே மூச்சு முட்டினால் வேகம் அதிகம்.

ஏற்றத்தின் அடிவாரத்தில் கியர் மாற்றும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. சரிவு முகத்துக்கு நேரே எழும்பித் தெரியும்போது பலரும் இருக்கிற கியரிலேயே அழுத்தி ஏறி, மிதி நிற்கப்போகும் கடைசி நொடியில் முன் பல்சக்கரத்தை மாற்றுகிறார்கள். முழுப் பளு ஏறிய செயின் பக்கவாட்டில் நகர மறுக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கடகடத்து, ஒன்று கழன்று விழும், அல்லது இணைப்பு ஒன்று வாய் பிளக்கும். சரியான முறை: சரிவு தொடங்க இருபது மீட்டர் இருக்கும்போதே, கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே, முன் பல்சக்கரத்தைச் சிறிதாக்கிவிட வேண்டும். கால் திடீரென்று காற்றில் சுற்றுவதுபோல் இருந்தால் பின்னால் இரண்டு கியர் கடினமாக்கிச் சமன்செய்யலாம். ஏற்றத்தில் ஏறிய பிறகு பின் கியர் மாற்றும்போதும் அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு மாற்ற வேண்டும்.

உச்சியில் பத்து நிமிடம்

ஏறும்போது சட்டை நனைந்திருக்கும். 620 மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ் குறைந்திருக்கும், 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது காற்று அந்த ஈரத்தை உறிஞ்சி உடம்பை விரைக்கவைக்கும். விரைத்த விரல் பிரேக்கை அளந்து பிடிக்காது. காற்றுத் தடுப்புச் சட்டையை உச்சியிலேயே, குளிர் தெரியும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பிரேக் பேட்டின் தடிமனை இங்கேயே ஒரு பார்வை பார்க்கலாம். டிஸ்க் பேட்டில் உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மலைப் பயணத்துக்கு அது தீர்ந்துபோன பேட்தான். மாற்றுப் பேட் பையில் இருக்க வேண்டும்.

இறக்கம்: வெப்பம் எங்கே போகிறது

8 சதவீத இறக்கத்தில் 100 கிலோ வண்டியைத் தடுக்காமல் விட்டால், பைகளோடு நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், காற்றுத் தடை அதை மணிக்கு 55 கி.மீ. அளவில் நிறுத்தும். பயணி பொதுவாக அவ்வளவு வேகம் வேண்டாம் என்று நினைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே 30 கி.மீ. வேகத்தில் இறங்குவார். பாதுகாப்பானதாகத் தோன்றும் இந்த வழக்கம்தான் பிரேக்கை அதிகம் சூடாக்குகிறது. கணக்கு இப்படிப் போகிறது: 15 கி.மீ. வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய திறன் சுமார் 275 வாட். 32 கி.மீ. வேகத்தில் அது 425 வாட், இதுவே உச்சம். 45 கி.மீ. வேகத்தில் காற்று பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் பிரேக்குக்கு 310 வாட் அளவுதான் மிஞ்சுகிறது.

ஆகையால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. பார்வை தெளிவாகவும் சாலை நேராகவும் இருக்கும் இடத்தில் வண்டியை ஓடவிட வேண்டும். வளைவுக்கு முன்பு, வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்த பிறகு பிரேக்கை விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடிப்பது டயரின் பிடிமானத்தைத் தின்னும். ஓடவிட முடியாத அளவு வளைவுகள் நெருக்கமாக வந்தாலோ, சாலையில் சரளை கிடந்தாலோ, எதிர் வழி: மிக மெதுவாக, 10 கி.மீ. அளவில் இறங்குவது. அப்போது பிரேக்குக்கு 190 வாட்தான். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். டிஸ்க்கை விரலால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

தவறினால் என்ன ஆகும் என்பது பிரேக்கின் வகையைப் பொறுத்தது. ரிம் பிரேக்கில் ரிம்மின் சூடு டியூபுக்கு ஏறி, காற்றழுத்தம் கூடி, டயர் ரிம்மிலிருந்து கழன்று வெடிக்கலாம். டிஸ்க்கில் பேட்டின் முகம் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிப் பிடிப்பு போய்விடும். எண்ணெய் பிரேக்கில் திரவம் கொதித்துக் குமிழி விழுந்தால் லீவர் ஹேண்டில்பார் வரை வந்தும் வண்டி நிற்காது. மூன்றுக்கும் முன்னறிவிப்பு உண்டு: வழக்கத்தைவிட அதிகம் அழுத்த வேண்டியிருப்பது, கருகல் வாடை, லீவர் மெத்தென்று ஆவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

வேகமான இறக்கத்தில் ஹேண்டில்பார் தானாகப் பக்கவாட்டில் நடுங்கத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் பின் கேரியரில் குவிந்த சுமை, அதுவும் உயரத்தில் கட்டிய சுமை. அந்த நேரத்தில் கையை இறுக்கினால் நடுக்கம் கூடும். பிடியைத் தளர்த்தி, இரு முழங்காலாலும் சட்டத்தின் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து சற்றே எழும்பி, மெல்ல வேகம் குறைக்க வேண்டும். மறுநாள் கனமான பொருளை முன்பக்கப் பைகளின் அடியில் மாற்றி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எட்டுச் சிறு மேடுகள்: நாள் உடையும் இடம்

இறக்கம் முடிந்ததும் பெரிய வேலை தீர்ந்தது என்ற எண்ணம் வரும். உண்மையில் இந்த 25 கி.மீ.தான் மிகக் கொடியது. ஒவ்வொரு மேடும் கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறது. உச்சி அருகில் இருப்பதால், இறங்கி வந்த வேகத்தோடு எழுந்து நின்று ஒரே தம்மில் ஏறிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஏறுவது 300 வாட்டுக்கும் மேல் போகும். முதல் இரண்டு மேட்டில் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது மேட்டில் கால் மரத்துப்போகும்.

வேகம் பயன்படட்டும், ஆனால் மேட்டின் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். மிதி நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே விழும் முன்பே கியரை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போய், உட்கார்ந்தபடி, முதல் ஏற்றத்தின் அதே மூச்சுக் கணக்கில் ஏற வேண்டும். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்தாமல் பத்து, பதினைந்து சுற்று லேசாக மிதித்து வேகம் பிடித்த பிறகு காலை ஓய்வுக்கு விடலாம். இரண்டு மேட்டுக்கு ஒருமுறை, கீழே இறங்கும்போது, ஒரு வாய் தண்ணீரும் ஒரு வாய் தின்பண்டமும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் மெல்ல முடியாது. இறங்கும் இடம்தான் சாப்பிடும் இடம், சாலை நேராக இருந்தால்.

கைவிரல் மரத்துப்போவதும் இந்தப் பகுதியில்தான் வெளியே தெரியும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுக்கக் கைக்கு வரும். சீட்டைச் சமமாக்குவது முதல் வைத்தியம். ஹேண்டில்பாரை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்துவது அடுத்தது. கரடுமுரடான இறக்கத்துக்குப் பிறகு சீட் கம்பம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கவும் கூடும். முழங்காலின் முன்பக்க வலிக்கு அதுவும் ஒரு காரணம். கம்பத்தில், சட்டத்தை ஒட்டி ஒரு சுற்று ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைத்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

எரிபொருள்

இந்த நாளில் பெடலுக்குக் கொடுக்கும் மொத்த வேலை ஏறத்தாழ 2,300 கிலோஜூல். மனித உடம்பு தான் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குத் தருகிறது. அதனால் கிலோஜூலில் அளந்த வேலையும் கிலோகலோரியில் அளந்த செலவும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வரும்; இங்கே 2,300 முதல் 2,500 கிலோகலோரி. நாளின் மற்ற நேரத்துக்கு ஆவதையும் சேர்த்தால் 4,000-ஐ நெருங்கும்.

இதை முழுக்க வழியிலேயே சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது, வேண்டியதும் இல்லை. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். முக்கியம், எப்போது தொடங்குகிறோம் என்பது. முதல் 40 நிமிடத்துக்குள், பசி வருவதற்கு முன்பே, முதல் வாய். பசிக்கட்டும் என்று முதல் ஏற்றம் முடியும்வரை காத்திருந்தவர் இரண்டரை மணி நேரம் பின்தங்கிவிட்டார். வயிறு ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வரம்பு இருப்பதால் அந்தப் பாக்கியை அவரால் பிறகு அடைக்க முடியாது.

சர்க்கரை இறங்கிவிட்டால் அறிகுறி தெளிவானது: குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், எளிய வழித்தெரிவில் குழப்பம், சிடுசிடுப்பு. தனக்குத் தெரியும் முன்பே உடன் வருபவருக்குத் தெரிந்துவிடலாம். அப்போது சைக்கிளிலிருந்து இறங்கி, உடனே கரையும் இனிப்பு 30 முதல் 40 கிராம் எடுத்து, 15 முதல் 20 நிமிடம் நிழலில் உட்கார வேண்டும். உடம்பு தேறியதும் வேகத்தைக் கூட்டாமல், அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சிறு கியரிலேயே போக வேண்டும்.

வியர்வை மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்கு மேலும் போகும். ஏற்றத்தில் வேகம் இல்லாததால் காற்று ஆற்றுவதில்லை. அதனால் இழப்பு அங்கேதான் அதிகம். இந்த நாளுக்கு நாலரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பாதியாவது உப்புச் சேர்ந்ததாக இருக்கட்டும். வியர்வையைவிட அதிகமாக வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. கையில் மோதிரம் இறுகுவதும் வயிறு தண்ணீரால் தளும்புவதும் எச்சரிக்கை.

இரண்டாவது ஏற்றத்தின் 12 சதவீதத் துண்டு

70-ஆவது கி.மீ.க்குப் பிறகு 150 வாட் கிடைப்பது அரிது. 120 என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதச் சரிவில் அந்தத் திறனுக்கு வேகம் மணிக்கு 3.5 கி.மீ. முன் 22, பின் 34 இருந்தாலும் மிதி நிமிடத்துக்கு 41 சுற்றுதான். இவ்வளவு மெதுவான வேகத்தில் பைகள் தொங்கும் வண்டி நேராகப் போகாது; சாலையில் பாம்புபோல் நெளியும். பின்னால் வாகனம் வரும் சாலையில் அது ஆபத்து.

1.2 கி.மீ.யை ஓட்டி ஏற 21 நிமிடம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், மணிக்கு 3 கி.மீ. வைத்துக்கொண்டால், 24 நிமிடம். வித்தியாசம் மூன்று நிமிடம். நடப்பது தொடைக்கு ஓய்வு தரும், உட்கார்ந்து நொந்த இடத்துக்கும் ஓய்வு. தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. அந்த நேரத்தில் அதுதான் சரியான கியர். தள்ளும்போது இடப்பக்கம் நின்று, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறு கை சீட்டின் பின்பக்கத்திலும் வைத்தால் பெடல் கணுக்காலில் இடிக்காது.

வண்டி எங்கே காலை வாரும்

மலைநாளில் வண்டியில் வரும் கோளாறுகளில் ஒரு தொடரை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், அடிக்கடி நடப்பதால். ஓய்வுக்கு நிறுத்திய வண்டி பையின் பளுவால் வலப்பக்கம் சாய்ந்து விழுகிறது. பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு ஒரு துளி உள்பக்கம் வளைகிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்த செங்குத்து ஏற்றத்தில் மிகச் சிறிய கியருக்கு மாற்றும்போது செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக் கம்பிகளுக்குள் விழுந்து, கம்பிகளை வெட்டி, சில சமயம் கியர் மாற்றியையே பிய்த்துவிடும்.

தடுக்கும் வழி எளிது. வண்டி விழுந்தால், புறப்படும் முன் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்: கியர் மாற்றியின் இரு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சமதளத்தில், பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் மிதியைச் சுற்றியபடி கடைசிக் கியருக்கு மாற்றிப் பார்க்கலாம். செயின் தாண்டப் பார்த்தால் உள் எல்லைத் திருகாணியைக் கடிகாரத் திசையில் கால் சுற்று திருக வேண்டும். அந்தத் தாங்கு துண்டு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வடிவம். தன் வண்டிக்குரியது ஒன்று கருவிப் பையில் இருப்பது அவசியம்.

ஸ்போக் கம்பி தானாக அறுந்தாலும் பெரும்பாலும் பின் சக்கரத்தின் செயின் பக்கத்தில்தான் அறும். ரிம் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அறுந்ததற்கு இருபுறமும் உள்ள, எதிர்ப்பக்கத்துக்கு இழுக்கும் இரண்டு கம்பிகளையும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தினால் ரிம் ஓரளவு நடுவுக்கு வரும். பின் பையின் பளுவை முன்னால் மாற்றி, மெதுவாக ஓட்டி முடிக்கலாம். 36 கம்பிச் சக்கரம் இதைப் பொறுத்துக்கொள்ளும். கம்பி குறைந்த சக்கரம் பொறுக்காது.

கேரியரைப் பிடிக்கும் 5 மி.மீ. போல்ட்டுகள் அதிர்வில் தளரும். ஒன்று கழன்று விழுந்தால் மற்றதில் பளு ஏறி அது முறியும். பை சக்கரத்துக்குள் போகும். உச்சியில் நிற்கும்போது 4 மி.மீ. ஆலன் சாவியால் நாலையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

மாலையும் மறுநாள் முடிவும்

வந்து சேர்ந்த முதல் மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து, அதாவது 72 கிலோ பயணிக்கு 70 முதல் 85 கிராம், கூடவே 20 முதல் 25 கிராம் புரதம். மறுநாளும் மலை என்றால் இந்த அளவை அடுத்த மூன்று மணி நேரத்துக்கும் மணிக்கு ஒருமுறை என்று தொடர்வது பயன் தரும். படுப்பதற்கு முன் சிறுநீரின் நிறம் வெளிர்மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும்.

வண்டிக்குப் பதினைந்து நிமிடம்: செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்தெடுத்தல், டயரில் குத்தி நிற்கும் கண்ணாடிச் சில், முள் ஆகியவற்றைப் பிடுங்குதல், ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தித் தொய்வு பார்த்தல், பிரேக் பேட்.

மறுநாள் காலை எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி, வழக்கத்தைவிட எட்டு, பத்து துடிப்பு கூடுதலாக இருந்தாலோ, படியேறும்போது தொடை எரிந்தாலோ, அன்றைய பாதையை ஏற்றக் கணக்கில் பாதியாக, 800 மீ.க்குள் சுருக்க வேண்டும். தூரத்தைக் குறைப்பதைவிட ஏற்றத்தைக் குறைப்பதே உடம்புக்கு உதவும். பள்ளத்தாக்கை ஒட்டி 80 கி.மீ. போவது, மலைமேல் 45 கி.மீ. போவதைவிட லேசு. முழங்காலின் முன்பக்க வலி காலையிலும் தொடர்ந்தால் அன்று மிதிக்கவே வேண்டாம். புறப்படும் நாளில் பின் பல்சக்கரத்தையோ முன் பல்சக்கரத்தையோ சிறு கியருக்கு மாற்றித் தரக்கூடிய பட்டறை வழியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே போய்ச் சேரும்வரை 7 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவுகளைத் தள்ளிக்கொண்டே ஏறட்டும்.